முன் பம்பரா, பின் மூலையா

மார்ச் 2

அடியே,

நான் நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியான்னு ஆரம்பிக்கணும்னு அக்கா சொல்றா. பொய்ல ஆரம்பிச்சா கடுதாசி முழுக்க பொய்யாப் போயிடும். நான் நல்லா இல்ல. தொடை வரைக்கும் மாவுக்கட்டு. உள்ள அரிக்குது. அக்கா ஸ்வெட்டர் பின்ற ஊசி ஒண்ணு கொடுத்திருக்கா, அதை உள்ள விட்டு சொறிஞ்சுக்கறதுதான் இப்ப எனக்கு உத்தியோகம்.

நீ போய்ச் சேர்ந்த சேதி கேம்ப்புக்குப் போய் வர்ற லாரிக்காரன் வாயாலதான் வரணுமா? "அண்ணி ஜம்முனு ஓட்டிட்டு வந்தாங்கண்ணே, ஜீப்புல ஒரு கீறல் இல்ல"ன்னான். சந்தோஷப்படறதா, வயிறு எரியறதான்னு எனக்குத் தெரியல. அந்த மலையில நான் ஓட்டாத ஓட்டமா? பாறை உருண்டு வந்தப்பகூட ஒரு நகம் பேந்தது கிடையாது. கடைசியில எங்க விழுந்தேன்? பல்பு மாத்த ஸ்டூல் மேல ஏறி. அதுவும் ஃபியூஸ் போன பல்பு இல்ல, நல்லா எரிஞ்ச பல்பு. வெளிச்சம் பத்தலைன்னு நீதானே சொன்னே? அந்த பல்பு இன்னும் எரியுது. படுத்துக்கிட்டே அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

சரி, எதுக்கு எழுத உக்காந்தேன்? ஆங், ஜீப்பு. சுரங்கம் தோண்டற கேம்ப்புக்கு இந்த சீசன் சாமான் ஏத்தலைன்னா வேற எவனுக்காவது ஓட்டத்தைக் கொடுத்துடுவாங்கன்னுதான் உன்னை அனுப்பினேன். மனசோட அனுப்பலை. நல்லா கேட்டுக்கோ, ரெண்டாவது கியர் உடனே விழாது. நியூட்ரல்ல ஒரு மூச்சு விட்டு, மெதுவா, கெஞ்சற மாதிரி தள்ளணும். அதட்டினா முறைச்சுக்கும். என் கை பழகின வண்டி. வேற கைக்கு அது சுலபத்துல வசப்படாது.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 9

மாமா,

ரெண்டாவது கியர் எனக்கு முதல் நாளே விழுந்துச்சு. அதட்டத்தான் செஞ்சேன்.

ஒரு விஷயம் கேக்கணும். இங்க புதுசா ஒரு ரூல். ரேடியோ இல்லாத வண்டிய லைன்ல விட மாட்டாங்க. கீழ டிப்போவுல இருந்து நாலு ஜீப்பு வரிசையா, ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டே மேல போகணும். பனி இறங்கினா முன்னாடி போற வண்டியோட லைட்டுகூடத் தெரியறதில்ல, போன் சுத்தமா எடுக்காது. சிபி ரேடியோன்னு ஒரு செட்டு, கைக்கு அடக்கமா ஒரு மைக்கு, அதை அவங்களே கொடுத்துட்டாங்க. ஆண்டெனா மட்டும் நாம வாங்கி மாட்டிக்கணும்.

ரெண்டு மாதிரி இருக்கு. ஒண்ணு நெட்டை, ஆளை விட உசரமா வெறும் எஃகுக் கம்பி, அடியில ஸ்பிரிங்கு. தூரத்துக்குப் பேசலாம், ஆனா போற வழியில இருக்கற கிளையெல்லாம் தட்டிக்கிட்டே வரும், வளைச்சு கயிறு போட்டு கட்டிக்கணும். இன்னொண்ணு குட்டை, ஃபைபர். பேச்சு கொஞ்சம் கம்மி, தொல்லையும் கம்மி. காந்தம் வெச்சு கூரை மேல ஒட்டறதும் இருக்கு, ஆனா நமக்கு மேல கான்வாஸ்தானே, துணியில காந்தம் எப்படி ஒட்டும்? பம்பர்லயோ பாடியிலயோ பிராக்கெட் போட்டுத்தான் நிறுத்தணும்.

இதெல்லாம் எனக்குச் சொன்னது வெண்கலம். லைன்ல முதல் வண்டி அவருது, ரெண்டாவது என்னுது. அவரு குரல் அப்படி, அதனால அந்தப் பேரு. ரேடியோல எல்லாருக்கும் ஒரு பேரு உண்டு. எனக்கு மிளகான்னு வெச்சிருக்காரு. டிப்போல குறுக்க வண்டிய விட்ட ஒருத்தனை நான் திட்டினது அவரு காதுல விழுந்துச்சாம்.

பின்பக்கம் மூலையில ஒரு ஓட்டை போட்டு தானே மாட்டித் தரேன்னாரு. வண்டி என் வீட்டுக்காரரோடது, கேட்டுட்டுத்தான் ஓட்டைன்னு சொல்லிட்டேன். எங்க வைக்கட்டும்?

அரிச்சா ரொம்ப சொறியாதீங்க. புண்ணாகிடும்.

வீட்டுக்காரி


மார்ச் 16

அடியே,

மிளகாவாம். உனக்குப் பேரு வைக்க அவன் யாரு? உங்க அப்பா அம்மா ஒரு பேரு வெச்சுத்தானே என் கையில கொடுத்தாங்க?

கோபம் அதுக்குக்கூட இல்ல. அந்தப் பேரு உனக்கு அப்படியே அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கு. அதான் எரியுது. இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருந்தும் 'அடியே'க்கு மேல எனக்கு ஒண்ணும் தோணலை. அவனுக்கு வந்த வாரமே தோணிடுச்சு பாரு.

வெண்கலம்னு சொன்னதும் எனக்கு ஒரு பஸ் கண்டக்டர் ஞாபகம் வந்துட்டான். ஆளு காஞ்ச விறகு மாதிரி இருப்பான். குரல் மட்டும் கோயில் மணி. "ஏறுங்க"ன்னு அவன் சொன்னா, பஸ்ஸு எங்க போகுதுன்னுகூடக் கேக்காம பொம்பளைங்க ஏறிடுவாங்க. எங்க சித்தி ஒருத்தி அப்படித்தான் ஏறி எங்கயோ போயிட்டா. "தப்பான பஸ்ஸும்மா, இறங்குங்க"ன்னு அவன் சொல்ல, "இறங்கறேன், ஆனா இன்னொரு தடவை ஏறுங்கன்னு சொல்லுங்க"ன்னு கேட்டாளாம். அதுக்கப்புறம் சித்தப்பா, தான் சாகிற வரைக்கும் பஸ்ஸே ஏறலை. குரலை நம்பக் கூடாது. அதுக்கு மூஞ்சி கிடையாது.

அவனுக்கு வயசென்ன? மீசை உண்டா? பொண்டாட்டி உண்டா?

உன் ஆண்டெனா விஷயமா சும்மா உக்காந்திருக்கலை நான். ஆட்டோ வெச்சுக்கிட்டு, மாவுக்கட்டுக் காலை வெளிய நீட்டிக்கிட்டு, பஜார் ரேடியோ கடைக்கே போனேன். கடைக்காரர் நல்ல மனுஷன். வண்டித் தகரம் ரேடியோ அலையை எந்தப் பக்கம் இழுக்கும், எந்தப் பக்கம் விடும்னு பேப்பர்ல ஜீப்பு படம் போட்டு கோடு கோடா இழுத்துக் காட்டினாரு. அதெல்லாம் உனக்கு வேண்டாம், தலைவலி. முடிவை மட்டும் சொல்றேன். குட்டையே வாங்கு. முன் பம்பர், இடது மூலை. பழைய ஃபாக் லைட்டு இருந்த ஓட்டை அங்க இருக்கு, புதுசா என் வண்டியில எவனும் ஓட்டை போட வேண்டாம். முன்னாடி இருந்தா உன் கண் எதுர்லயே இருக்கும், கிளை மாட்டினாத் தெரியும். பின்பக்கம் கூடவே கூடாது. அவன் என்ன சொன்னாலும் கூடாது.

நீயே மாட்டு. உனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், நான்தானே கத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்காரன்


மார்ச் 23

மாமா,

குட்டைதான் வாங்கினேன். முன் பம்பர், இடது மூலை. மாட்டியாச்சு.

பிராக்கெட்டுக்கு அடியில பெயிண்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சுன்னு தெரிஞ்சாத்தான் ஆண்டெனாவும் வண்டியும் ஒண்ணா சேருமாம். நீங்க பிரஷ்ல அடிச்ச பச்சை எத்தனை கோட்டு மாமா அது! சுரண்டச் சுரண்ட வந்துக்கிட்டே இருக்கு. கேபிளைக் கதவிடுக்குல நசுங்காம கீழ இருக்கற ரப்பர் ஓட்டை வழியா உள்ள கொண்டு வந்தேன். அப்புறம் மீட்டர் வெச்சுப் பாத்தோம். முள்ளு மேல ஏறினா, நாம அனுப்பற பவர் வெளிய போகாம செட்டுக்கே திரும்பி வருதாம், விட்டா செட்டு எரிஞ்சுடுமாம். ஆண்டெனா உச்சியில ஒரு திருகு இருக்கு. அதை ஏத்தி இறக்கி, முள்ளைக் கீழ கொண்டு வந்தோம். 'வந்தோம்'னா நானும் வெண்கலமும். எப்படியும் நீங்க கேப்பீங்க, இப்பவே எழுதிட்டேன்.

மத்த கேள்விக்கும் பதில். வயசு உங்க வயசு. மீசை உண்டு. பொண்டாட்டி உண்டு, ஊர்ல இருக்காங்க, இவரு கடுதாசி போட்டா அவங்க பதில் எழுதறதில்லையாம்.

"எதுக்குங்க முன்னாடி?"ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. என் வீட்டுக்காரர் அங்கதான் வைக்கச் சொன்னாருன்னேன்.

ஆனா ஒண்ணு. எனக்குப் பின்னாடி வர்ற ரெண்டு வண்டிக்கும் நான் பேசறது மணி மாதிரி கேக்குதாம். முன்னாடி போற வெண்கலத்துக்கு மட்டும் கொர்ருன்னு இரைச்சல்தான். "மிளகா, மறுபடி சொல்லு, மிளகா, மறுபடி சொல்லு"ன்னு தொண்டை கட்டிப் போச்சு அவருக்கு. ஏன்னு உங்க கடைக்காரர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க.

வீட்டுக்காரி


மார்ச் 30

என் கண்ணே,

உன் கடுதாசிய மூணு தடவை படிச்சேன். அவனுக்குக் கேக்கவே இல்லையா? அடப் பாவமே. இரைச்சல்தான் வருதா? தொண்டை வேற கட்டிப் போச்சா? வெந்நீர் குடிக்கச் சொல்லு.

அக்கா வந்து எட்டிப் பாத்தா. "என்னடா, கட்டைப் பிரிச்ச மாதிரி துள்றே?"

"கேக்கலையாம்க்கா."

"யாருக்கு?"

"யாருக்கோ."

ஒரு மாதிரி பாத்துட்டுப் போனா. இவளுக்குச் சின்ன வயசுலயே நான் எதையாவது ஒளிச்சா மூக்கு வேர்த்துடும். நான் ஒருக்கா அவளோட பென்சிலைக் கூரை இடுக்குல சொருகி வெச்சிருந்தேன். அவ ஒண்ணுமே கேக்கலை. ஏணியைக் கொண்டாந்து நேரா அங்க போட்டா. அப்புறம் அந்த ஏணியிலயே என்னைக் கட்டிப் போட்டது தனிக் கதை.

கடைக்காரரைக் கேட்டேன். மலைப் பக்கம்னா அப்படித்தான் இருக்கும், பனிக்காத்து, ஒண்ணும் செய்யறதுக்கில்லைன்னுட்டாரு. நீ அந்த ஆண்டெனாவை அசைக்காத. மாட்டினது மாட்டினபடியே இருக்கட்டும்.

இவ்வளவு சந்தோஷத்துலயும் எனக்கு ஒரு சின்ன உறுத்தல். பின்னாடி வர்ற ரெண்டு வண்டியும் யாரு யாருது? மணி மாதிரி கேக்குதுன்னு எவன் சொன்னான்? மீசை உண்டா?

உன் மாமா


ஏப்ரல் 6

வீட்டுக்காரருக்கு,

போன வாரம் ஏத்தத்துல பனி இறங்கிடுச்சு. குறுகல் வளைவுல என் பின்சக்கரம் ஓரத்து ஓடையில இறங்கி மாட்டிக்கிச்சு. முன்னாடி போன வெண்கலத்துக்குப் பாதையில மண்ணு சரிஞ்சு கிடந்திருக்கு. போக வழியில்லைன்னு ரிவர்ஸ் எடுத்துட்டாரு. "எல்லாரும் பின்னாடி போங்க, நான் வர்றேன்"னு அவரு ரேடியோல சொன்னது எனக்குப் பாதிதான் கேட்டுச்சு. "வராதீங்க, நான் மாட்டிக்கிட்டேன்"னு நான் கத்தினது அவருக்குச் சுத்தமா கேக்கலை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஹாரன் அடிச்சேன். அந்த வளைவுல எல்லாரும்தான் ஹாரன் அடிக்கறாங்க, அவரு அதை எங்க கண்டாரு? அவரு வண்டியோட பின் லைட்டு பனிக்குள்ள சிவப்பா வருது, பெருசாகிட்டே வருது.

நான் கத்தினது எனக்குப் பின்னாடி இருந்தவருக்குக் கேட்டுச்சு. அவரு மைக்கை எடுத்து "வெண்கலம், நிறுத்து"ன்னாரு. நிறுத்திட்டாரு. அதுக்குள்ள அவரு பின் பம்பர் உங்க ஆண்டெனாவை அடியோட ஒடிச்சுட்டு, என் பம்பர்ல வந்து தொட்டுடுச்சு. தள்ளலை. தொட்டுச்சு. சாமான் ஏத்தின வண்டி அது. ஒரு மூச்சு தள்ளியிருந்தா, இந்தக் கடுதாசிய உங்களுக்கு வேற யாராவது எழுதியிருப்பாங்க.

கேம்ப்புக்கு வந்ததும் வெண்கலம் ஒரு குச்சிய எடுத்து மண்ணுல ஜீப்பு படம் போட்டாரு. ஆண்டெனாவை வண்டியோட ஒரு மூலையில வெச்சா, எதிர் மூலைப் பக்கம்தான் பேச்சு பலமா போகுமாம். பின் மூலையில வெச்சா முன்னாடி. முன் மூலையில வெச்சா பின்னாடி. "ரேடியோ தெரிஞ்ச எவனும் லைன்ல போற வண்டிக்கு முன்னாடி வைக்கச் சொல்ல மாட்டான். உங்க வீட்டுக்காரருக்கு யாரும்மா இதைச் சொன்னது?"ன்னு கேட்டாரு.

கடைக்காரர் பேப்பர்ல படம் போட்டுக் காட்டினாருன்னு நீங்க எழுதினீங்க. அது எனக்கு வேண்டாம்னும் எழுதினீங்க. அவனுக்குக் கேக்கலையான்னு என் கண்ணேன்னு கூப்பிட்டு எழுதினீங்க. கல்யாணம் ஆனதுல இருந்து நீங்க என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லையே மாமா.

நான் உங்களைக் காட்டிக் கொடுக்கலை. "அவருக்கு ரேடியோ எல்லாம் தெரியாதுங்க, முட்டாள்தனமா ஏதோ சொல்லிட்டாரு"ன்னேன். முட்டாளா, பொறாமைக்காரரா, எப்படிச் சொல்லியிருந்தா உங்களுக்குப் பரவாயில்லையா இருக்கும்னு நீங்களே சொல்லுங்க.

இன்னொண்ணும் சொல்றேன். வெண்கலத்தோட பேச்சு எனக்குப் பிடிக்கும். பனிக்குள்ள தனியா ஓட்டறப்போ காதுக்கு ஒரு துணை மாதிரி இருக்கும். அவ்வளவுதான். இதை ஒளிக்கணும்னு எனக்குத் தோணினதே இல்ல. நீங்க தோண வெச்சுட்டீங்க.

நெட்டை ஆண்டெனா ஒண்ணு வாங்கியிருக்கேன். இடிச்சாலும் வளையும், ஒடியாது. வண்டிக்குள்ள குறுக்க கிடக்கு. எங்க மாட்டணும்னு உங்க கையால எழுதி வரட்டும். அதுவரைக்கும் வண்டி லைன்ல போகாது. நான் இங்க சும்மா உக்காந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன். பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கு.


ஏப்ரல் 13

அடியே,

லாரிக்காரன் கடுதாசிய கொடுத்துட்டு நின்னான். பதில் வாங்கிட்டு வரச் சொன்னாங்கன்னான். உக்காருடான்னேன். அவனுக்கு நாலு டீ ஆச்சு, எனக்கு ஒரு வரி வரலை, நாளன்னைக்கு வாடான்னு அனுப்பிட்டேன். சிவப்பு லைட்டு பெருசாகிட்டே வருதுன்னு எழுதியிருந்தே பாரு, அந்த இடத்தைத் தாண்டி என்னால படிக்க முடியலை. அக்கா பிடுங்கிப் படிச்சா. படிச்சுட்டு ஸ்வெட்டர் ஊசியைத் திருப்பி வாங்கிக்கிட்டா.

அரிக்குது. அரிக்கட்டும்.

ரெண்டுல முட்டாளே பரவாயில்ல. பொறாமைக்காரன்னா உன்னைச் சந்தேகப்பட்டேன்னு அவங்க நினைப்பாங்க. முட்டாள்னா என்னோட போச்சு. உன்னைச் சந்தேகப்படலை நான். என்னைத்தான். கட்டிலோட கிடக்கறவன், உன் பேச்சைக் கேக்க முடியாதவன். உன் பேச்சு தினமும் யார் யாருக்கோ போகுதேன்னு இருந்துச்சு. அவன் காதை அடைச்சா என் காதுல வந்து விழும்னு நினைச்சேன் போல. எழுதினதும்தான் அது எவ்வளவு மடத்தனம்னு தெரியுது.

மறுநாள் கடைக்குப் போய்ச் சொன்னேன். கடைக்காரர் நடந்ததைக் கேட்டுட்டு நாற்காலியை விட்டு எழுந்துட்டாரு. பனிக்காத்துன்னு அவரு சொல்லவே இல்ல, அது என் கைச்சரக்கு. திட்டித் தீத்துட்டு, என்ன நினைச்சாரோ, பழைய செட்டு ஒண்ணைக் கொண்டாந்து நம்ம மொட்டை மாடியில பைப்பு நட்டு மாட்டிக் கொடுத்துட்டாரு. மலைப்பாதையோட கடைசி வளைவு நம்ம மாடியில இருந்து தெரியுமில்ல? அதுல இருந்து பேசினா இங்க கேக்குமாம். ஆனா ஒரு நிபந்தனை சொன்னாரு. நீ இறங்கி வரும்போது வண்டி மூஞ்சி வீட்டைப் பாத்து இருக்கும். ஆண்டெனா பின்னாடி இருந்தாத்தான் பேச்சு முன்னாடி வரும், எனக்கு வரும். முன் பம்பர்லயே இருந்திருந்தா நீ பேசறதெல்லாம் மலைக்குப் போயிருக்கும்.

என் காதை நானே அடைச்சிருக்கேன் பாத்தியா.

பின்பக்கம், இடது மூலை. ஓட்டை போடு. எவ்வளவு பெரிய ஓட்டை வேணுமோ போடு. பச்சையைச் சுரண்டு. வெண்கலமே மாட்டித் தரட்டும், அவருக்கு என்னைவிட நல்லா தெரிஞ்சிருக்கு. அவருக்கும் கேக்கும், எனக்கும் கேக்கும். ஒருத்தருக்கு மட்டும் கேக்கற மாதிரி ஆண்டெனா இன்னும் வரலைன்னு கடைக்காரர் சொல்லிட்டாரு. நான் கேட்டுத்தான் பாத்தேன்.

பொறாமை போயிடுச்சுன்னு நினைச்சுக்காத. அது இங்கதான் இருக்கு, கட்டுக்குள்ள. சொறிய ஊசிதான் இல்ல.

கடைக்காரர் எனக்கு ரேடியோ பேரு வெச்சுட்டாரு. ஒத்தக்கால்.

வீட்டுக்காரன்


மே 25

மாமா,

நடுவுல நான் எழுதினதெல்லாம் ரெண்டு ரெண்டு வரிதான். கோபம்னு நினைச்சிருப்பீங்க. கோபம்தான். நீங்க 'பின்பக்கம், ஓட்டை போடு'ன்னு எழுதின கடுதாசி மட்டும் செட்டுக்குப் பின்னாடி சொருகியிருக்கு. லைன்ல யாருக்கும் அது என்னன்னு தெரியாது.

ஓட்டையை நானே போட்டேன். உங்க வண்டி, வேற கை போட்டா அது முறைச்சுக்கும். வெண்கலம் மீட்டரை மட்டும் பிடிச்சாரு. இப்போ எல்லாருக்கும் கேக்குது. அவருக்கு அவங்க வீட்டுல இருந்து போன வாரம் ஒரு கடுதாசி வந்துச்சு. லைன் முழுக்கப் படிச்சுக் காட்டிட்டாரு. வெண்கலம் அன்னைக்கு தகர டப்பா மாதிரி உடைஞ்சு போச்சு.

சீசன் முடிஞ்சுது. இந்தக் கடுதாசி லாரியில முன்னாடி வருது, நாங்க நாலு வண்டியும் மறுநாள் காலையில இறங்கறோம். ஏறும்போது முதல் வண்டி வெண்கலத்தோடது. இறங்கும்போது முதல் வண்டி எனக்கு வேணும்னு கேட்டேன். ஏன்னு கேக்காம விட்டுக் கொடுத்துட்டாரு. ஆண்டெனா பின்னாடி இருக்கு, பேச்சு முன்னாடி போகும். என் முன்னாடி வேற வண்டி இருக்காது. பாதையும், அதுக்கு அந்தப் பக்கம் நம்ம மொட்டை மாடியும்தான்.

அக்காவைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா படி ஏறுங்க. ஸ்டூல் மேல ஏறாதீங்க.

கடைசி வளைவுல வண்டிய நிறுத்திட்டு மைக்கைக் கையில வெச்சுக்கிட்டு இருப்பேன். நான் பேச மாட்டேன். நீங்கதான் முதல்ல கூப்பிடணும். மிளகான்னு கூப்பிட்டா பதில் வராது, அது லைனுக்கு. அடியேன்னாலும் வராது. இன்னும் ஒரு ராத்திரி இருக்கு, யோசிச்சு வைங்க.

வீட்டுக்காரி